கண் காப்பீடு கட்டுப்படியாகுமா?

அமெரிக்காவில் பெரியவர்களுக்கான மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கண்ணாடிக்குப் பணம் தருவதில்லை. கண்ணில் தொற்று வந்தாலோ, புரை விழுந்தாலோ, விழித்திரை கிழிந்தாலோ அது நோய்; மருத்துவக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். கிட்டப்பார்வைக்குப் பவர் பார்ப்பதும், நாற்பதைத் தாண்டியவருக்கு வரும் வெள்ளெழுத்துக்கு லென்ஸ் போடுவதும் நோய்க் கணக்கில் சேராது. அந்த விட்டுப்போன இடத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான் விஷன் இன்சூரன்ஸ் என்ற தனிக் காப்பீடு.

ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அங்குள்ள நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான காப்பீடுகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஊழியர்களுக்குப் படிவம் அனுப்பும். மருத்துவம், பல், பார்வை என்று மூன்று கட்டங்கள் இருக்கும். மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்க மண்டையை உடைத்துக்கொள்பவர்கள்கூட மூன்றாவது கட்டத்தில் யோசிக்காமல் டிக் அடித்துவிடுவார்கள். தொகை சிறிது என்பதே காரணம். வேலை மூலம் எடுத்தால் தனி நபருக்குப் பெரும்பாலும் மாதம் 5 முதல் 15 டாலர். குடும்பத்துக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. சம்பளத்தில் பிடித்துக்கொள்வதால் போவதும் தெரியாது. வாங்கிய கண்ணாடிக்கும் கட்டிய பணத்துக்கும் கணக்கு நேராகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? திட்டத்துக்குத் திட்டம் எண்கள் மாறினாலும் அச்சு ஏறத்தாழ ஒன்றுதான். ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை. அதற்குக் கையிலிருந்து 10 அல்லது 20 டாலர் கட்டணம். சாதாரண ஒற்றைப் பவர் லென்ஸுக்கு இன்னொரு 10 முதல் 25 டாலர். ஃபிரேமுக்கு 130 முதல் 200 டாலர் வரை ஒரு வரம்பு. அதற்கு மேல் போனால் மிச்சத்தில் 20 சதவீதம் போலத் தள்ளுபடி. கண்ணாடி வேண்டாம், கான்டாக்ட் லென்ஸ் வேண்டும் என்பவருக்கு அதே அளவில் ஒரு தொகை. ஓர் ஆண்டில் இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் கிடைக்கும். தூரமும் கிட்டமும் ஒரே கண்ணாடியில் தெரியும் ப்ரோக்ரெசிவ் லென்ஸ், பளபளப்பைக் குறைக்கும் பூச்சு, வெயிலில் கறுக்கும் லென்ஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. பில் ஏறுவது பெரும்பாலும் இங்கேதான். விளம்பரத்தில் ஃபிரேம் வரம்பு பெரிய எழுத்தில் இருக்கும். பூச்சுக் கட்டணம் திட்டக் கையேட்டின் உள்பக்கத்தில் இருக்கும்.

இதைக் காப்பீடு என்று சொல்வது ஒரு வழக்குதான். வீடு எரிவது, இதய அறுவை சிகிச்சை என்று வருமா வராதா தெரியாத, வந்தால் ஆளையே சாய்த்துவிடும் செலவைப் பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்வது காப்பீடு. கண்ணாடிச் செலவில் அந்தத் திகில் எதுவும் இல்லை. கண்ணாடி போடுபவருக்கு அது வரும் என்று முன்பே தெரியும். எவ்வளவு வரும் என்றும் ஏறக்குறையத் தெரியும். விஷன் இன்சூரன்ஸ் உண்மையில் நம் ஊர் நகைக்கடைச் சீட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். மாதாமாதம் கட்டி வர வேண்டும். முடிவில் செய்கூலி சேதாரத்தில் சலுகை கிடைக்கும். ஆனால் அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும். சீட்டு லாபமா என்பது அந்தக் கடை விலையைப் பொறுத்தது. இங்கும் அப்படியே.

கடை யாருடையது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இத்துறையின் மூத்த நிறுவனமான வி.எஸ்.பி., 1955இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஆப்டோமெட்ரிஸ்டுகள், அதாவது பவர் பார்த்துக் கண்ணாடி எழுதித் தருபவர்கள், சிலர் கூடித் தொடங்கியது. பிறகு அது மார்ச்சோன் என்ற ஃபிரேம் நிறுவனத்தை 2008இலும், விஷன்வொர்க்ஸ் என்ற கடைத்தொடரை 2019இலும் வாங்கியது. அதற்குப் போட்டியான ஐமெட், எஸ்ஸிலோர்லக்சாட்டிகா குழுமத்தைச் சேர்ந்தது. ரே-பான், ஓக்லி ஃபிரேம்களும் லென்ஸ்கிராஃப்டர்ஸ் கடைகளும் அதே குழுமத்தின் கையில்தான் இருக்கின்றன. லென்ஸ் செய்யும் எஸ்ஸிலோரும் ஃபிரேம் செய்யும் லக்சாட்டிகாவும் 2018இல் ஒன்றாயின. ஆக, காப்பீடு விற்பவர், ஃபிரேம் செய்பவர், கடை நடத்துபவர் மூவரும் ஒரே கூரைக்குள் இருக்கிறார்கள். இதில் சட்ட விரோதம் எதுவுமில்லை. ஆனால் 'உங்களுக்கு இவ்வளவு மிச்சம்' என்று ரசீதின் அடியில் அச்சிடப்படும் தொகையைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். எந்த விலையிலிருந்து மிச்சம் என்பதே கேள்வி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கானவை, நடப்பு விலைகளை ஒட்டியவை. வயது 45, புதிதாக வெள்ளெழுத்து வந்தவர், ப்ரோக்ரெசிவ் லென்ஸ் தேவை. அவர் திட்டத்துக்கு மாதம் 9 டாலர், ஆண்டுக்கு 108. பரிசோதனைக்கு 10, லென்ஸுக்கு 25, ஃபிரேம் வரம்பு 150. கடையில் அவருக்குப் பிடித்த ஃபிரேம் 230 டாலர். வரம்புக்கு மேல் உள்ள 80இல் 20 சதவீதம் தள்ளி 64 கட்டுகிறார். ப்ரோக்ரெசிவுக்குக் கூடுதலாக 75, பூச்சுக்கு 50. கல்லாவில் கொடுப்பது 224; பிரீமியத்தையும் சேர்த்தால் 332.

காப்பீடு இல்லாமல் அதே கடையில் பட்டியல் விலைக்கு வாங்கினால் பரிசோதனை 150, ஃபிரேம் 230, லென்ஸ் 260, பூச்சு 110, மொத்தம் 750 டாலர். நானூறு டாலருக்கு மேல் மிச்சம் என்று தோன்றும். ஆனால் காப்பீடு இல்லாதவர் அந்தக் கடைக்குப் போக வேண்டிய கட்டாயம் என்ன இருக்கிறது? காஸ்ட்கோ போன்ற மொத்த விற்பனைக் கடையின் கண்ணாடிப் பிரிவில் பரிசோதனைக்கு 90, ஃபிரேமும் பூச்சுடன் ப்ரோக்ரெசிவ் லென்ஸுமாக 240 என்று முடிந்தால் மொத்தமே 330தான். காப்பீட்டோடு வாங்கியவருக்கும் இவருக்கும் இரண்டு டாலர் வித்தியாசம்.

கணக்கின் சூட்சுமம் இதுதான்: விஷன் இன்சூரன்ஸின் லாபம், அது இல்லாவிட்டால் எங்கே வாங்கியிருப்போம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. வழக்கமான கண் மருத்துவரிடமே பார்த்து, அவர் கடையிலேயே நல்ல ஃபிரேம் வாங்குபவருக்கு அது உண்மையிலேயே நூற்றுக்கணக்கில் மிச்சப்படுத்தும். பவர் எழுதிய சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து மலிவான இடம் தேடுபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இணையத்தில் ஸென்னி என்ற நிறுவனம் 7 டாலருக்கும் குறைவிலிருந்தே ஒற்றைப் பவர் கண்ணாடி விற்றிருக்கிறது. வார்பி பார்க்கர் என்ற இன்னொரு நிறுவனம் 95 டாலரிலிருந்து தொடங்கியது. இந்த விலைகள் வந்த பிறகு, 150 டாலர் ஃபிரேம் வரம்பு என்பது முன்பு போல ஆளை மயக்கும் தொகையாக இல்லை.

இருபதுகளில் உள்ளவருக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். மைனஸ் ஒன்றரைப் பவர், வேறு எந்தக் கோளாறும் இல்லை, ஒரே கண்ணாடியை இரண்டு ஆண்டு போடுபவர் என்று வைத்துக்கொள்வோம். வெளியில் பரிசோதனைக்கு 90, இணையத்தில் கண்ணாடிக்கு 40, ஆக 130 டாலரில் இரண்டு ஆண்டு ஓடிவிடும். காப்பீட்டில் இருந்தால் இரண்டு ஆண்டுப் பிரீமியமே 216. ஆண்டுதோறும் மலிவாகப் பரிசோதனை கிடைக்கிறதே என்பது பதில் ஆகாது. தேவைப்படாத ஒன்று மலிவாகக் கிடைப்பதில் லாபம் இல்லை. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம், நோயோ குடும்ப வரலாறோ இல்லாதவர்கள் இருபதுகளில் ஒருமுறை, முப்பதுகளில் இரண்டு முறை, நாற்பதில் ஒரு முழுப் பரிசோதனை செய்தால் போதும் என்கிறது. ஆப்டோமெட்ரிஸ்டுகளின் சங்கம் இன்னும் அடிக்கடி வரச் சொல்கிறது. யார் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டிய அறிவுரைகள் இவை. அறுபத்தைந்துக்கு மேல் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

கணக்கு மறுபக்கம் சாய்வது கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு. தினம் ஒன்று மாற்றும் லென்ஸுக்கு ஆண்டுக்கு ஐந்நூறு, அறுநூறு டாலர் எளிதாகப் போய்விடும். அந்த லென்ஸ் பெட்டியின் விலை எங்கே வாங்கினாலும் பெரிதாக மாறாது. ஃபிரேம் போலப் பட்டியல் விலையை ஏற்றிவைத்து இறக்கிக் காட்டும் வித்தை இங்கே குறைவு. எனவே 150 டாலர் வரம்பு ஏறக்குறைய ரொக்கமாகவே கைக்கு வருகிறது. பரிசோதனையில் 80 மிச்சம், லென்ஸில் 150, பிரீமியம் 108 போக 122 டாலர் லாபம். லென்ஸைக் கண்ணுக்குப் பொருத்திப் பார்க்கும் கட்டணம் தனி. அதற்கு எவ்வளவு என்பதை முன்பே கேட்டுவிட வேண்டும். திட்டத்தைப் பொறுத்து அது இந்த லாபத்தில் பாதியைத் தின்றுவிடலாம்.

குடும்பமே கண்ணாடி போடும் வீட்டிலும் லாபம் தெளிவு. நான்கு பேர், மாதம் 25 டாலர், ஆண்டுக்கு 300. நான்கு பரிசோதனைகளில் தலைக்கு 80 மிஞ்சினாலே 320. பிரீமியம் அதிலேயே கழிந்துவிடும். வளரும் பிள்ளைகளுக்குப் பவர் ஆண்டுக்காண்டு ஏறும். ஃபிரேமை உட்கார்ந்து உடைப்பதும், விளையாட்டு மைதானத்தில் விட்டுவிட்டு வருவதும் அதற்கு மேல். பிள்ளைகளுக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸைப் பல திட்டங்கள் கூடுதல் கட்டணமின்றித் தருகின்றன.

ஆனால் பிள்ளைகளுக்காக எடுக்கும் முன் மருத்துவக் காப்பீட்டின் தாளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டம், 19 வயதுக்கு உட்பட்டவர்களின் பார்வைப் பராமரிப்பைக் கட்டாயப் பலன்களில் ஒன்றாக வைத்தது. தனியாக வாங்கும் மருத்துவத் திட்டங்களும் சிறு நிறுவனங்கள் தரும் திட்டங்களும் 2014 முதல் அதைச் சேர்த்தே வருகின்றன. அங்கே பிள்ளையின் கண்ணாடி முன்பே அடங்கியிருந்தால் இரண்டாவது காப்பீடு வீண். பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மெடிகெய்டில் பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் கண்ணாடியும் உண்டு. பெரியவர்களுக்கு அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

முதியவர்களின் கதை வேறு. 65 வயதுக்கு மேல் வரும் மெடிகேர், கண்ணாடிக்காகப் பவர் பார்ப்பதற்குப் பணம் தராது. கண்புரை அறுவை சிகிச்சைக்குத் தரும்; உள்லென்ஸ் வைத்த பிறகு ஒரு ஜோடிக் கண்ணாடிக்கும் தரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு விழித்திரைப் பரிசோதனையும், கண் அழுத்த நோய் வரும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு சோதனையும் அதில் அடங்கும். மெடிகேர் அட்வான்டேஜ் என்ற தனியார் வடிவத்தை எடுத்தவர்களில் பலருக்குக் கண்ணாடிப் பலன் உள்ளேயே இருக்கும். அவர்கள் தனியாக இன்னொன்று வாங்கும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீடு வழக்கமான கண் பரிசோதனையையும் கண்ணாடியையும் ஏற்பதில்லை. சென்னையிலோ மதுரையிலோ புறப்படும் முன் இன்னொரு கண்ணாடி செய்து பெட்டியில் வைத்துக்கொள்வதுதான் அவர்களுக்கான காப்பீடு. (இந்தியாவில் இப்படித் தனிப் பார்வைக் காப்பீடு வேர்விடவே இல்லை. மெடிக்ளெய்ம் கண்புரைக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் ஓர் உச்சவரம்போடு பணம் தரும். கண்ணாடி பொதுவாக அவரவர் பாக்கெட்டிலிருந்துதான்.)

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பவர் பார்க்க நாற்காலியில் உட்கார்ந்தவர், 'கண் எரிகிறது, தண்ணீர் வடிகிறது' என்று பேச்சுவாக்கில் சொல்கிறார். மருத்துவர் அதையும் பரிசோதித்துச் சொட்டு மருந்து எழுதுகிறார். அந்த நொடியில் அது பார்வைப் பரிசோதனை என்பதிலிருந்து மருத்துவச் சந்திப்பாக மாறிவிடலாம். பில் மருத்துவக் காப்பீட்டுக்குப் போகும். காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய ஆண்டுக் கழிவுத்தொகை இன்னும் தீரவில்லை என்றால் முழுத் தொகையும் வீட்டு முகவரிக்கு வரும். பத்து டாலர் கட்டிவிட்டு வந்த இடத்திலிருந்து இருநூறு டாலர் பில் வந்தது எப்படி என்ற குழப்பத்துக்கு விடை இதுதான். கண்ணின் பின்புறத்தைப் படம் எடுக்கலாமா என்று கேட்டு 40 டாலர் போல வாங்குவதும் பெரும்பாலும் காப்பீட்டுக்கு வெளியே. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொன்னால் அதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்காது. சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அவ்வளவுதான்.

தெற்காசியர்களிடம் நீரிழிவு அதிகம் என்பதால் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த எல்லைக்கோடு குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்ப்பது மருத்துவக் காப்பீட்டின் பொறுப்பு. அதற்காக விஷன் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியதில்லை. அது இருக்கிறதே என்ற தைரியத்தில் கண்ணாடிக் கடைப் பரிசோதனையோடு நின்றுவிடவும் கூடாது. திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் மழையாக மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கியது போல மறைத்தாலோ அது விழித்திரை பிரிவதன் அறிகுறியாக இருக்கலாம். எந்தக் காப்பீட்டு அட்டை என்று யோசிக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

காப்பீட்டுக்குப் பதிலாக எஃப்.எஸ்.ஏ., எச்.எஸ்.ஏ. என்ற வரிச்சலுகைக் கணக்குகளில் பணம் போட்டுக் கண்ணாடி வாங்கலாம் என்று நிதி ஆலோசகர்கள் சொல்வார்கள். சரியான யோசனைதான்; பரிசோதனை, கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், லேசிக் எல்லாமே அதில் அடங்கும். 22 சதவீத வருமான வரிப் படிநிலையில் இருப்பவருக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளின் 7.65 சதவீதமும் சேர்ந்து நூற்றுக்கு முப்பது டாலர் போல மிஞ்சும். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுவது, வேலை மூலம் கட்டும் விஷன் பிரீமியமும் பெரும்பாலும் வரிக்கு முன்பே பிடிக்கப்படுகிறது என்பதை. வரி இரண்டு தட்டிலும் ஒரே அளவு குறைவதால் தராசு அசைவதில்லை. எஃப்.எஸ்.ஏ.வில் போட்ட பணத்தை ஆண்டுக்குள் செலவழிக்காவிட்டால் பெரும்பகுதி போய்விடலாம் என்பதும் உண்டு. டிசம்பர் கடைசியில் அங்கே கண்ணாடிக் கடைகளில் கூட்டம் அலைமோதுவதற்கு அதுவும் ஒரு காரணம். லேசிக் செய்யப்போகிறவர் மட்டும் இந்த வரிச்சலுகைக் கணக்குகளையே நம்ப வேண்டும். ஒரு கண்ணுக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகும் அந்தச் சிகிச்சைக்கு விஷன் இன்சூரன்ஸ் தருவது வெறும் தள்ளுபடிதான். அதே தள்ளுபடியைப் பேரம் பேசியும் வாங்கலாம்.

கடையை மாற்றும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. மத்திய வர்த்தக ஆணையம் 1978இல் கொண்டுவந்த கண்ணாடி விதிப்படி, பவர் பார்த்து முடித்தவுடன் அந்தச் சீட்டின் நகலைக் கேட்காமலேயே, கூடுதல் கட்டணமின்றித் தந்துவிட வேண்டும். இங்கேதான் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. கான்டாக்ட் லென்ஸுக்கு இதே உரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இணையத்தில் வாங்க வேண்டுமானால் இரண்டு கண் பாப்பாக்களுக்கு இடையிலான தூரம் மில்லிமீட்டரில் தேவைப்படும். அதை எழுதித் தர மத்திய விதி கட்டாயப்படுத்தவில்லை. பரிசோதனை முடியும்போதே கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம். காப்பீடு வைத்திருப்பவரும் வெளிக் கடையில் வாங்கிவிட்டு ரசீதை அனுப்பி ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். தொகை குறைவாக இருக்கும் என்றாலும் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே விட்டுவிடுகிறார்கள்.

வேலை மூலம் இல்லாமல் தனியாக வாங்கும் விஷன் திட்டம் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பிரீமியம் கூடுதல், வரிச்சலுகை பொதுவாக இல்லை, ஓர் ஆண்டு கட்டாயம் தொடர வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். வேலை மூலம் கிடைப்பதில் நிறுவனமே முழுப் பிரீமியத்தையும் கட்டினால் கேள்வியே இல்லை, எடுத்துக்கொள்ளலாம். ஊழியர் கட்ட வேண்டியிருந்தால், கண்ணாடி மாற்றும் ஆண்டில் மட்டும் சேர்ந்து மறு ஆண்டு விலகுவது நல்ல உத்தி. மருத்துவக் காப்பீட்டைப் போலன்றி, இதில் விட்டுப்போன ஆண்டைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. சில நிறுவனங்கள் இதைத் தடுக்கவே இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துக் கையெழுத்து வாங்குகின்றன.

படிவத்தை நிரப்பும் முன் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் திட்டத்தின் பலன் தாளைக் கேட்டு வாங்கி, ஃபிரேம் 12 மாதத்துக்கு ஒருமுறையா 24 மாதத்துக்கு ஒருமுறையா, ப்ரோக்ரெசிவுக்கும் பூச்சுக்கும் எவ்வளவு கூடுதல், வழக்கமாகப் போகும் மருத்துவர் அந்தத் திட்டத்தில் இருக்கிறாரா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு திருமணம், குழந்தை பிறப்பு, வேலை மாற்றம் போன்ற காரணம் இருந்தாலொழிய, அடுத்த ஆண்டுச் சேர்க்கை வரை அதை மாற்ற முடியாது.